கெட்டிமேளம் மேக்ரோவில் டைட்டில் போவதற்குப் பதிலாக வருகிறது, குளோசப் நிற்கவில்லை: வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குள் உதவி தேவை

அரசலாற்றுக்காரன் (செவ்வாய், இரவு 10.40)

அனைவருக்கும் வணக்கம். அவசரத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாண நேரலையில் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் ஒரே பொத்தானில் எல்லாம் நடக்க வேண்டும் என்று, கேமராக்களை மாற்றும் ஸ்விட்சரில் ஒரு மேக்ரோ (வரிசையாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) தயாரித்து வைத்திருக்கிறேன். மேடையின் வைடு காட்சியிலிருந்து தாலி குளோசப்புக்குப் போக வேண்டும், கீழே இருக்கும் மணமக்கள் பெயர் டைட்டில் மறைய வேண்டும், பத்து நொடி கழித்து வைடுக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் இருபது முறைக்கு மேல் ஓட்டிப் பார்த்தேன்; ஒரு முறைகூடத் தவறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் ஒரு மண்டபத்தில், சாஸ்திரிகள் விரலை உயர்த்தி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றதும் பொத்தானை அழுத்தினேன். குளோசப் நிழல்போல ஒரு நொடி தெரிந்து மறைந்துவிட்டது. மறைய வேண்டிய டைட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. முடிச்சு விழுந்த அந்த இடம் மண்டபத்து எல்.இ.டி. திரையிலும் இல்லை, நேரலையிலும் இல்லை. பெண்ணின் பாட்டி நடக்க முடியாதவர், வீட்டிலிருந்தே கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாராம். "தாலி கட்டியாயிற்றா, எனக்குத் தெரியவில்லையே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்று பிறகு சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை 6 முதல் 7.30 வரை அடுத்த முகூர்த்தம். மேக்ரோவில் என்ன தவறு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாறு (செவ்வாய், இரவு 10.58)

தம்பி, எந்த ஸ்விட்சர் என்று நீங்கள் எழுதவில்லை. மேக்ரோவைப் பதிவு செய்தீர்களா, கோப்பில் கையால் எழுதினீர்களா? டைட்டில் எந்தக் கீயரில் (படத்தின்மேல் எழுத்தைப் பதிக்கும் அடுக்கு) இருக்கிறது? ஸ்விட்சர் நொடிக்கு எத்தனை பிரேமில் ஓடுகிறது? பொத்தான் என்கிறீர்களே, அது லேப்டாப்பிலா, தனி விசைப்பலகையிலா? இந்த ஐந்தும் தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

மன்னை மைக்செட் (செவ்வாய், இரவு 11.05)

எனக்கு இதில் சந்தேகமே இல்லை, இது மின்சாரம். நம் பக்கத்து மண்டபங்களில் மேடை விளக்கும் குளிர்சாதனமும் ஒன்றாக ஏறும் நேரத்தில் லைன் இறங்கும். ஜெனரேட்டருக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் ஸ்விட்சர் அணைந்து எரியும். அணைந்து எரிந்தால் நீங்கள் செய்துவைத்த நிலை போய், சேமித்து வைத்த தொடக்க நிலைக்கு அது திரும்பிவிடும். மென்பொருளின் கோப்பு மெனுவில் தொடக்க நிலையைச் சேமிக்க ஒரு வசதி இருக்கிறது. அதைச் செய்தீர்களா? யு.பி.எஸ். வைத்திருந்தீர்களா?

ஆரூரான் (செவ்வாய், இரவு 11.20)

குளோசப் தெரிந்து மறைந்தது என்றால் எச்.டி.எம்.ஐ. கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேடைக்கு அடியில் 15 மீட்டர் சாதாரணக் கேபிளை இழுத்துவிட்டு, அதன்மேல் பூ அலங்காரக்காரர்கள் ஏணியை வைத்தால் சமிக்ஞை விட்டு விட்டுத்தான் வரும். நீண்ட தூரத்துக்கு எஸ்.டி.ஐ. (தொலைவுக்கான வீடியோ கேபிள் முறை) மாற்றிக் கருவியோ ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. கேபிளோதான் நம்பகமானது.

கொள்ளிடக்கரை (மூத்த உறுப்பினர், புதன், காலை 5.50)

இந்த இழையை இரவே பார்த்தேன். விவரம் இல்லாததால் பதில் எழுதவில்லை. தம்பிகளே, கருவியை வாங்கிய அன்றே அதன் கையேட்டை முழுவதும் படிக்க வேண்டும். நாங்கள் எல்லாம் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். மேக்ரோ பதிவு என்பது நீங்கள் பதிவு நேரத்தில் செய்கிற மாற்றங்களை மட்டுமே எழுதிக்கொள்ளும். கேமரா 1 ஏற்கெனவே தேர்வாகியிருக்கும்போது அதையே மறுபடி அழுத்தினால் எதுவும் பதிவாகாது. வேறொன்றுக்குப் போய்த் திரும்பி வந்து அழுத்த வேண்டும். அடிப்படையான இந்தச் செய்தியைத் தெரிந்துகொள்ளாமல் கல்யாண வீட்டில் போய் மேக்ரோவை அழுத்துவது பொறுப்பான செயல் அன்று. அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்யுங்கள், சரியாகிவிடும்.

அரசலாற்றுக்காரன் (புதன், காலை 8.15)

ஏடெம் மினி புரோ ஸ்விட்சர். லேப்டாப்பிலிருந்து ஓட்டுகிறேன். யு.பி.எஸ். இருந்தது, ஸ்விட்சர் அணையவில்லை. கேபிள் 5 மீட்டர்தான், கேமரா 2 சடங்கு முழுவதும் நன்றாகவே வந்தது. மேக்ரோவை முதலில் பதிவு செய்தேன், பிறகு எக்ஸ்.எம்.எல். கோப்பாகச் சேமித்து நோட்பேடில் திருத்தி ஏற்றினேன்.

வெண்ணாறு (புதன், காலை 8.30)

நல்லது, மின்சாரமும் கேபிளும் கழிந்துவிட்டன. அந்தக் கோப்பின் வரிகளை அப்படியே எழுதுங்கள். பிரேம் எண்ணிக்கையும் டைட்டில் இருக்கும் கீயரும் இன்னும் வரவில்லை.

அரசலாற்றுக்காரன் (புதன், காலை 9.02)

கைபேசியிலிருந்து எழுதுவதால் கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். பிரிவியூ என்பது அடுத்து வரவிருக்கும் படம், ஸ்லீப் என்பது காத்திருப்பு. வரிசை இதுதான்:

பிரிவியூ இன்புட், கேமரா 2
ஆட்டோ டிரான்சிஷன்
மேக்ரோ ஸ்லீப், 25 பிரேம்
டவுன்ஸ்ட்ரீம் கீ ஆட்டோ, கீ 0
பிரிவியூ இன்புட், கேமரா 1
மேக்ரோ ஸ்லீப், 250 பிரேம்
ஆட்டோ டிரான்சிஷன்

1080பி, நொடிக்கு 25 பிரேம். டைட்டில் டவுன்ஸ்ட்ரீம் கீயில், அதாவது எல்லாப் படத்துக்கும் மேலே நிற்கும் கடைசி அடுக்கில்.

ஆரூரான் (புதன், காலை 9.10)

கீ 0 என்று போட்டிருக்கிறீர்கள். முதல் கீ என்றால் 1 அல்லவா? அங்கேதான் பிழை.

மேலவீதி (புதன், காலை 9.25)

இல்லை ஐயா, கோப்பில் எண்கள் 0 இலிருந்துதான் தொடங்கும். மினி புரோவில் இருப்பதே ஒரு டவுன்ஸ்ட்ரீம் கீதான். அதை 1 என்று மாற்றினால் இல்லாத இரண்டாவது கீயைத் தேடச் சொன்னதாகிவிடும்.

எனக்குப் பிரேம் எண்ணிக்கையில்தான் சந்தேகம். இந்தக் கருவி முதலில் செருகிய எச்.டி.எம்.ஐ. சமிக்ஞைக்கு ஏற்பத் தன் வீடியோ தரத்தை அமைத்துக்கொள்ளும். மண்டபத்தில் முதலில் கேமராவுக்குப் பதிலாகப் படக்காட்சி ஓட்டும் லேப்டாப்பைச் செருகியிருந்தால், ஸ்விட்சர் நொடிக்கு 60 பிரேமில் ஓடத் தொடங்கியிருக்கும். ஸ்லீப் கட்டளை நொடியை எண்ணுவதில்லை, பிரேமைத்தான் எண்ணுகிறது. வீட்டில் ஒரு நொடியாக இருந்த 25 பிரேம் அங்கே அரை நொடிக்கும் குறைவாகிவிடும்; பத்து நொடி என்று நீங்கள் எண்ணிய 250 பிரேம் நான்கு நொடிக்குச் சற்று மேல்தான் நிற்கும்.

அரசலாற்றுக்காரன் (புதன், காலை 9.40)

கேமரா 1ஐத்தான் முதலில் செருகினேன். அன்று பதிவான வீடியோவைப் பார்த்தேன், அதுவும் நொடிக்கு 25 பிரேம்தான்.

வெண்ணாறு (புதன், காலை 10.15)

மேலவீதி சொன்னது இந்த முறை காரணமாக இல்லாவிட்டாலும், மேக்ரோ எழுதும் எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது. ஆனால் பிரேம் கணக்கு எவ்வளவு மாறினாலும், போக வேண்டிய டைட்டில் வந்ததற்கு அது காரணம் சொல்லாது. உங்கள் நான்காவது வரியைப் பாருங்கள். டவுன்ஸ்ட்ரீம் கீ ஆட்டோ என்பது "டைட்டிலை எடு" என்ற கட்டளை அன்று, "இப்போது இருப்பதை மாற்று" என்ற கட்டளை. டைட்டில் இருந்தால் போகும், இல்லாவிட்டால் வரும். வீட்டில் ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் டைட்டிலைப் போட்டு வைத்துவிட்டுத்தானே ஓட்டியிருப்பீர்கள்? அதனால்தான் இருபது முறையும் சரியாக வந்தது. மண்டபத்தில் நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே யாரோ டைட்டிலை எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்வி. ஸ்விட்சரின் முகப்பில் 0.5, 1.0, 1.5, 2.0 என்று நான்கு கால அளவுப் பொத்தான்கள் இருக்கின்றன. அன்று அவற்றில் எது எரிந்துகொண்டிருந்தது? உங்களோடு இருந்த உதவியாளரிடம் இரண்டையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். கோபப்படாமல் கேளுங்கள்.

கொள்ளிடக்கரை (புதன், காலை 10.40)

நான் காலையிலேயே சொன்னதைத்தான் இப்போது எல்லோரும் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள். புதிதாகப் பதிவு செய்தால் முடிந்தது.

வெண்ணாறு (புதன், காலை 10.52)

ஐயா, மாறாத அமைப்பு பதிவாகாது என்று நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. கால அளவு அவருடைய கோப்பில் இல்லாததற்கு அதுவே காரணம். ஆனால் புதிதாகப் பதிவு செய்தாலும் மென்பொருளில் டைட்டிலுக்கு ஆட்டோ பொத்தானையே அழுத்தினால், அதே மாற்றுக் கட்டளைதான் மறுபடியும் கோப்பில் ஏறும். எந்தப் பொத்தானை அழுத்திப் பதிவு செய்வது என்பதைச் சொல்லாமல் "அழித்துவிட்டுப் பதிவு செய்" என்றால் தம்பி வெள்ளிக்கிழமையும் அதே இடத்தில் நிற்பார்.

அரசலாற்றுக்காரன் (புதன், பிற்பகல் 1.20)

உதவியாளரிடம் கேட்டேன். இரண்டும் நடந்திருக்கின்றன. மாலை மாற்றும்போது காட்சிகள் மெதுவாகக் கலந்தால் நன்றாக இருக்கும் என்று 2.0ஐ அழுத்தியிருக்கிறார். பெண்ணின் சித்தப்பா வந்து, டைட்டில் அக்கினியை மறைக்கிறது என்றதும் லேப்டாப்பில் டைட்டிலையும் எடுத்திருக்கிறார். நான் அப்போது இரண்டாவது கேமராக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

வெண்ணாறு (புதன், பிற்பகல் 2.05)

அப்படியானால் அன்று நடந்ததை ஒவ்வொரு பிரேமாகச் சொல்லிவிடலாம்.

பொத்தானை அழுத்தியதும் வைடிலிருந்து குளோசப்புக்குக் கலப்பு தொடங்கியது. 2.0 எரிந்துகொண்டிருந்ததால் அது முடிய 50 பிரேம் வேண்டும். ஆட்டோ டிரான்சிஷன் கட்டளை கலப்பைத் தொடங்கிவைக்கும், முடியும்வரை காத்திருக்காது. காத்திருப்பு என்பது நீங்கள் அடுத்து எழுதும் ஸ்லீப் வரி மட்டுமே. நீங்கள் 25 பிரேம்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கலப்பு சரிபாதியில் இருக்கும்போது, அதாவது தாலியும் மேடையும் ஒன்றன்மேல் ஒன்று நிழலாகத் தெரியும் நேரத்தில், மேக்ரோ அடுத்த வரிக்குப் போய்விட்டது. அங்கே டைட்டிலை மாற்றியது. அது ஏற்கெனவே போயிருந்ததால் வந்து நின்றது. அதே பிரேமில் பிரிவியூவைக் கேமரா 1 என்று மாற்றியது. கலந்துகொண்டிருந்த படத்தின் அடியிலிருந்து குளோசப்பை உருவிவிட்டு மறுபடியும் வைடையே வைத்ததற்கு அது சமம். மீதி 25 பிரேமும் கேமரா 1, கேமரா 1ஓடு கலந்தது. பத்து நொடி கழித்து வந்த கடைசி ஆட்டோவும் அப்படியே, அதனால் உங்கள் கண்ணுக்கு எதுவும் நடக்காததுபோலத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். கலப்பு ஒழுங்காக முடிந்தால் புரோகிராமும் (திரையில் போகும் படம்) பிரிவியூவும் தாமாகவே இடம் மாறிக்கொள்ளும்; கேமரா 1 தானே பிரிவியூவுக்கு வந்துவிடும். எல்லாம் சரியாக நடக்கும்போது அந்த ஐந்தாவது வரி தேவையே இல்லை, நேரம் பிசகும்போதோ முழுக் கெடுதலும் அதனால்தான். தேவையில்லாத வரி தீங்கில்லாத வரி என்று நினைத்து நானும் பல நாள் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

டவுன்ஸ்ட்ரீம் கீ ஆன் ஏர், கீ 0, பால்ஸ்
புரோகிராம் இன்புட், கேமரா 2
மேக்ரோ யூசர் வெயிட்
டிரான்சிஷன் ஸ்டைல், மிக்ஸ்
டிரான்சிஷன் மிக்ஸ் ரேட், 25
டிரான்சிஷன் சோர்ஸ், பேக்கிரவுண்ட்
பிரிவியூ இன்புட், கேமரா 1
ஆட்டோ டிரான்சிஷன்

முதல் வரியில் பால்ஸ் என்றால் அணை என்று பொருள்; டைட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவில் இல்லை என்ற நிலையை அது தரும். மென்பொருளில் பதிவு செய்வதானால் ஆட்டோவைத் தொடாமல் ஆன் ஏர் பொத்தானை மட்டும் பயன்படுத்துங்கள். டைட்டில் மெதுவாக மறையாமல் சட்டென்று போகும், அந்த நேரத்தில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். கால அளவை மேக்ரோவே எழுதிக்கொள்வதால் முகப்பில் யார் எதை அழுத்தியிருந்தாலும் கவலை இல்லை. சோர்ஸ் வரியை விட்டுவிடாதீர்கள், பின்னணிப் படம் மட்டும் மாறட்டும் என்று சொல்வது அதுதான். அதற்கு முன் யாராவது அடுத்த கலப்போடு மூலையில் வரும் சிறுபடத்தைச் சேர்த்து வைத்திருந்தால், வைடுக்குத் திரும்பும்போது அதுவும் கூடவே வந்துவிடும்.

மன்னை மைக்செட் (புதன், பிற்பகல் 2.40)

பத்து நொடி போய், யூசர் வெயிட் எதற்கு?

வெண்ணாறு (புதன், பிற்பகல் 3.00)

முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவார். நாத்தனார் பின்னாலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரச் சில நேரம் எட்டு நொடி, சில நேரம் முப்பது நொடி. பட்டுப்புடவை முடிச்சுக்குள் சிக்கிக்கொண்டு, அதை எடுத்துவிட்டுக் கட்டியதையும் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தை முன்கூட்டியே பிரேமில் எழுதி வைக்க முடியாது. யூசர் வெயிட் இருந்தால் நீங்கள் மறுபடி அழுத்தும்வரை மேக்ரோ அங்கேயே நிற்கும். மூன்றாவது முடிச்சைக் கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தலாம்.

ஆரூரான் (புதன், மாலை 4.10)

கேட்கிறேன் என்று தவறாக எண்ண வேண்டாம். போகும்போது நேரடி வெட்டு (கலப்பில்லாமல் உடனே மாறுவது), திரும்பும்போதும் கண்ணால் பார்த்து அழுத்த வேண்டும் என்றால், மேக்ரோ எதற்கு? கேமரா 2 பொத்தானைக் கையால் அழுத்தினால் போதுமே. கெட்டிமேளம் மாதிரியான நேரத்தில் விரலை நம்புவதா, கோப்பை நம்புவதா? நான் 12 ஆண்டுகளாக விரலைத்தான் நம்புகிறேன்.

கொள்ளிடக்கரை (புதன், மாலை 4.25)

இதில் ஆரூரானோடு உடன்படுகிறேன். தவில்காரரின் கை எழும்புவதைப் பார்த்து வெட்டத் தெரியாதவருக்கு எந்தக் கட்டளைக் கோப்பும் உதவாது. கருவியை நம்பிக் கண்ணை விட்டுவிடும் பழக்கம் இப்போது அதிகமாகிவிட்டது.

சட்டநாதபுரம் (புதன், மாலை 5.30)

ஐயா, நான் தனியாளாக ஸ்விட்சர், ஒலி, நேரலை மூன்றையும் பார்த்துக்கொள்பவள். கெட்டிமேளத்தின்போது தவில் ஒலி திடீரென்று ஏறும், அதே நொடியில் நான் ஒலியையும் இறக்கியாக வேண்டும். டைட்டிலை எடுக்க ஒரு விரல், கேமராவுக்கு ஒரு விரல், ஒலிக்கு ஒரு கை என்று எனக்கு இல்லை. அந்த ஒரு நொடியில் இரண்டு வேலையை ஒன்றாக்கித் தருவதுதான் மேக்ரோ. தவில்காரரின் கையைப் பார்ப்பதை யாரும் விடச் சொல்லவில்லை. மேக்ரோ இருப்பதால்தான் எனக்குப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

வெண்ணாறு அண்ணா சொன்ன அதே பாடத்தை நான் வேறொரு இடத்தில் கற்றேன். எங்கள் ஊர்ச் சபை ஒன்றில் தியாகராஜ ஆராதனையை நேரலை செய்தபோது, பஞ்சரத்தினத்துக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராக அட்டைகள் வைத்திருந்தேன். "அடுத்த அட்டை" என்று பொத்தானுக்குப் பெயர் வைத்துக்கொண்டேன். ஒரு முறை கை தவறி இரண்டு தடவை பட்டுவிட்டது. மேடையில் கௌளை பாடுகிறார்கள், திரையில் ஆரபி என்று நிற்கிறது. முன்வரிசைப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு ஐந்து தனி மேக்ரோ எழுதினேன். ஒவ்வொன்றும் ஸ்விட்சரில் படங்களைக் காட்டும் மீடியா பிளேயருக்கு இந்த எண்ணுள்ள படம் என்று நேராகவே சொல்லும். எத்தனை முறை அழுத்தினாலும் கௌளை கௌளைதான். மினியில் நூறு மேக்ரோவுக்கு இடம் இருக்கிறது, ஐந்தை ஒன்றாக்கிச் சிக்கனம் பிடிக்கத் தேவையே இல்லை.

கூறைநாடு (புதன், இரவு 7.15)

இதற்கெல்லாம் மென்பொருள் ஸ்விட்சருக்கு மாறிவிட்டால் நிம்மதி என்பது என் கருத்து. வீமிக்ஸ் என்ற மென்பொருளில் ஸ்கிரிப்ட் எழுதினால் கலப்பின் கால அளவைக் கட்டளையிலேயே மில்லிநொடியில் கொடுக்கலாம், ஸ்லீப்பும் மில்லிநொடியில்தான். பிரேம் கணக்கே வராது.

மேலவீதி (புதன், இரவு 7.40)

நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஸ்கிரிப்ட் வசதி எல்லாப் பதிப்பிலும் இல்லை, விலை கூடிய பதிப்புகளில்தான் உண்டு என்பதைப் புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்தத் தம்பியின் பிழை அங்கேயும் அப்படியே காத்திருக்கிறது. டைட்டிலைப் படத்தின்மேல் போட "ஓவர்லே இன்புட் 1" என்று மட்டும் எழுதினால் அதுவும் மாற்றுக் கட்டளைதான். அதன் முடிவில் "இன்" அல்லது "அவுட்" சேர்த்து எழுதினால்தான் நிலை உறுதியாகும். கருவியை மாற்றியதால் மட்டும் டைட்டில் அடங்கிவிடாது.

கூறைநாடு (புதன், இரவு 8.00)

அது உண்மைதான். என் பழைய ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன், மூன்று இடத்தில் "அவுட்" இல்லாமல் இருக்கிறது. இத்தனை நாள் எப்படித் தப்பித்தேன் என்று தெரியவில்லை. இன்றிரவே திருத்துகிறேன்.

ஆரூரான் (புதன், இரவு 8.20)

சட்டநாதபுரம் அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என்னோடு எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள், தனியாளின் சிரமம் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் கெட்டிமேளத்துக்கு மிக்ஸ் வேண்டாம், வெட்டுதான் என்பதில் மாறமாட்டேன். கலப்பு முடிவதற்குள் முதல் முடிச்சு போய்விடும்.

வெண்ணாறு (வியாழன், காலை 6.30)

அரசலாற்றுத் தம்பி, ஏற்றிப் பார்த்தீர்களா? சோதிக்கும்போது எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு ஓட்டாதீர்கள். டைட்டிலை எடுத்துவிட்டு ஒரு முறை, 2.0ஐ அழுத்திவிட்டு ஒரு முறை, ஏற்கெனவே கேமரா 2இல் இருக்கும்போது ஒரு முறை, மேக்ரோவை இரண்டு தடவை தொடர்ந்து அழுத்தி ஒரு முறை என்று வேண்டுமென்றே கலைத்து வைத்து ஓட்டுங்கள். கடைசி முறையைக் கட்டாயம் செய்யுங்கள். யூசர் வெயிட் இருப்பதால் பதற்றத்தில் இரண்டாவது அழுத்தல் பட்டால் உடனே வைடுக்குத் திரும்பிவிடும். லேப்டாப்பில் தொடர்வதற்கான பொத்தான் எங்கே இருக்கிறது என்று இன்றே கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். உதவியாளரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

அரசலாற்றுக்காரன் (வெள்ளி, காலை 11.50)

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. மூன்று முடிச்சும் குளோசப்பில் வந்தன, டைட்டில் வரவில்லை. நாத்தனார் வர நேரமாயிற்று, யூசர் வெயிட் காப்பாற்றியது. வெண்ணாறு அண்ணாவுக்கும் எல்லோருக்கும் மிக்க நன்றி. பந்தியில் பதிவு நடக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

மன்னை மைக்செட் (சனி, இரவு 9.30)

மகிழ்ச்சி தம்பி. அந்தக் கோப்பை இங்கே இணைக்க முடியுமா? நாளை மன்னார்குடியில் 9 மணிக்கு எனக்கு முகூர்த்தம், அதே ஸ்விட்சர்தான். தொடக்க நிலையைச் சேமித்துவிட்டேன், யு.பி.எஸ்.ஸும் வைத்துவிட்டேன், டிரான்சிஷன் சோர்ஸ் வரியை மட்டும் எங்கே போடுவது என்று ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.